115 வாரம் ஓடிய தோல்விப் படம்

1971 டிசம்பர் 20ஆம் தேதி அமெரிக்காவில் 'ஹெரால்ட் அண்ட் மாட்' என்று ஒரு படம் வெளியானது. கிறிஸ்துமஸ் வாரம், பாராமவுண்ட் மாதிரி பெரிய ஸ்டுடியோ. சினிமா வியாபாரிகள் எல்லாரும் படிக்கும் 'வெரைட்டி' பத்திரிகை என்ன எழுதியது தெரியுமா? தீப்பிடித்து எரிகிற அனாதை இல்லத்தில் எவ்வளவு கலகலப்பு இருக்குமோ, அவ்வளவு கலகலப்பு இந்தப் படத்தில் இருக்கிறதாம். காமெடி என்று சொல்லி வெளியிட்ட படத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு.

26 வருஷம் கழித்து, 1997இல், அதே படத்தை அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று அந்நாட்டு காங்கிரஸ் நூலகம் வைத்திருக்கும் பட்டியல் அது. 2000இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தொகுத்த 100 நகைச்சுவைப் படங்களில் இதற்கு 45ஆவது இடம். 2008இல் அவர்களே தேர்ந்தெடுத்த 10 காதல் நகைச்சுவைப் படங்களில் 9ஆவது இடம்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். விமர்சகர்களுக்குக் கண் தெரியவில்லை, மக்களுக்குத் தெரிந்தது, காலம் தீர்ப்பு சொல்லிவிட்டது, சுபம். கேட்க நன்றாக இருக்கு. ஆனால் படத்தை நாலைந்து தடவை பார்த்து, அந்தக் கால விமர்சனங்களையும் தேடிப் படித்த பிறகு எனக்கு இந்தக் கதை ஒட்டவில்லை. திட்டியவர்கள் ஒன்றும் சாதாரண ஆட்கள் இல்லை. மென்பொருள்காரன் புத்தி வேறு ஒரு பக்கம் குடைகிறது: ஒரே இன்புட்டுக்கு ரெண்டு விதமான அவுட்புட் வந்தால், நாம் கணக்கில் எடுக்காத மூன்றாவது விஷயம் ஒன்று எங்கேயோ ஒளிந்திருக்கு என்று அர்த்தம். அதைத் தேடிப் பார்த்த குறிப்புகள்தான் இவை.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், படத்தின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். 91 நிமிஷம்தான்.

கதை இது. ஹெரால்ட் 20 வயது மதிக்கத்தக்க பணக்கார வீட்டுப் பையன். அப்பா இல்லை. அம்மா பெரிய சீமாட்டி, பிள்ளையின் முகத்தை நின்று பார்க்க நேரமில்லாதவள். அவள் கவனத்தை இழுப்பதற்காக அவன் தற்கொலை செய்துகொண்ட மாதிரி விதவிதமாக நாடகம் போடுகிறான். முதல் காட்சியே அதுதான். அம்மா அறைக்குள் வருகிறாள், தொங்குகிற பிள்ளையைப் பார்க்கிறாள், சாவகாசமாக டெலிபோனில் பேசி முடிக்கிறாள், ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள்.

அவனுக்கு இன்னொரு பழக்கம், முன்பின் தெரியாதவர்களின் சாவுக்குப் போவது. அங்கே அதே பழக்கமுள்ள ஒரு கிழவியைச் சந்திக்கிறான். அவள் பெயர் மாட். (தமிழில் இந்தப் பெயரோடு வேற்றுமை உருபு சேர்த்தால் மாடு வந்து முட்டுகிறது. அதனால் இனிமேல் மாட் பாட்டி.) பாட்டிக்கு இன்னும் ஒரு வாரத்தில் 80 வயது. கண்ணில் பட்ட காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், பாதிரியாரின் கார் உட்பட. நகரத்துப் புகையில் வாடுகிற மரத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டில் நடுவாள். பையனுக்கு அவள்மேல் காதல் வருகிறது. கல்யாணம் செய்துகொள்ளத் தயாராகிறான். அவள் 80ஆவது பிறந்த நாளன்று, முன்பே முடிவு செய்து வைத்திருந்தபடி, மாத்திரை சாப்பிட்டு இறந்துபோகிறாள்.

இதைக் காதல் நகைச்சுவை என்று எந்தத் தைரியத்தில் எடுத்தார்கள்? அந்தப் பின்னணியே ஒரு கதை.

எழுதியவர் காலின் ஹிக்கின்ஸ். நியூ கலிடோனியா தீவில் பிறந்தவர், அப்பா அமெரிக்கர், அம்மா ஆஸ்திரேலியர். லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கும்போது பட்டப்படிப்புக்காக எழுதிய சின்ன ஸ்கிரிப்ட்தான் மூலம். படித்துக்கொண்டே, 'ஸ்பார்ட்டகஸ்' படத்தைத் தயாரித்த எட்வர்ட் லூயிஸ் வீட்டில் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்து, காரும் ஓட்டிக்கொண்டிருந்தார். லூயிஸின் மனைவி மில்ட்ரட் அதைப் படித்தார், பிடித்துப்போனது, அங்கிருந்து பாராமவுண்டுக்குப் போனது. தானே இயக்க வேண்டும் என்று ஹிக்கின்ஸுக்கு ஆசை. எடுத்துக் காட்டிய சோதனைக் காட்சிகள் ஸ்டுடியோவுக்குத் திருப்தியாக இல்லை. ஹால் ஆஷ்பியைக் கூப்பிட்டார்கள்.

ஆஷ்பி அடிப்படையில் எடிட்டர். 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்துக்காக எடிட்டிங் ஆஸ்கர் வாங்கியவர். இயக்குநராக இது அவருக்கு ரெண்டாவது படம். எடிட்டர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மாட் பாட்டியாக ரூத் கார்டன், 1896இல் பிறந்தவர், 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்துக்குத் துணை நடிகை ஆஸ்கர் வாங்கியவர். ஹெரால்டாக பட் கார்ட், அப்போது இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்தார். பாட்டெல்லாம் கேட் ஸ்டீவன்ஸ். செலவு 12 லட்சம் டாலர் அளவில்தான்.

என் தொழிலை ஒட்டி ஒரு காட்சியைச் சொல்லாமல் நகர மனசில்லை. பிள்ளைக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடுவான் என்று அம்மா முடிவெடுத்து, கம்ப்யூட்டர் பொருத்தம் பார்க்கும் நிறுவனம் ஒன்றின் படிவத்தை நிரப்புகிறாள். இது கற்பனை இல்லை. 1965இல் ஹார்வர்டு மாணவர்கள் 'ஆபரேஷன் மேட்ச்' என்று ஆரம்பித்திருந்தார்கள். 3 டாலர் கட்டி, கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினால் ஐபிஎம் 7090 இயந்திரம் ஜோடி சேர்த்து அனுப்பும். படத்தில் அந்த அம்மா கேள்விகளைச் சத்தமாகப் படித்து, பிள்ளைக்காகத் தானே பதில் எழுதுகிறாள். கொஞ்ச நேரத்தில் அவன் விருப்பமெல்லாம் போய் அவள் அபிப்பிராயங்கள் மட்டும் படிவத்தில் ஏறுகின்றன. எதிரே உட்கார்ந்து ஹெரால்ட் நிதானமாகத் துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டிருக்கிறான். குப்பையை உள்ளே போட்டால் குப்பைதான் வெளியே வரும் என்று எங்கள் தொழிலில் சொல்வதற்கு இதைவிட நல்ல படவிளக்கம் நான் பார்த்ததில்லை. அந்த இயந்திரம் அனுப்பிய மூன்று பெண்களுக்கும் என்ன ஆனது என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விமர்சனங்களுக்கு வருவோம்.

வெரைட்டி கழுவி ஊற்றியதை ஒதுக்கிவிடலாம். அது வியாபாரப் பத்திரிகை, தியேட்டர்காரர்களுக்கு எழுதுவது. இந்தப் படம் கல்லா நிரப்பாது என்று சொன்னது, அந்தக் கிறிஸ்துமஸுக்கு அது உண்மையும்கூட. எடுத்துப் பேச வேண்டியது ரெண்டு பேரை.

ஒருவர் ரோஜர் ஈபெர்ட், சிகாகோ சன்-டைம்ஸ். நாலு நட்சத்திரத்துக்கு ஒன்றரை கொடுத்தார். அவர் குறை என்னவென்றால், இது மனிதர்களைப் பற்றிய படமே இல்லை, பாவனைகளைப் பற்றிய படம். ஹெரால்ட் சாவு, மாட் வாழ்வு என்று பலகை மாட்டிவிட்டார்கள். ஆனால் படமாக்கிய விதத்தில் ரெண்டும் ஒரே மாதிரி தெரிவதால், வாழ்வதற்கு என்று தனியாக மெனக்கெட வேண்டுமா என்று தோன்றிவிடுகிறது என்றார். ஆட்கள் எல்லாரும் மெழுகு பொம்மைக் காட்சியிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கிறார்கள் என்றும் எழுதினார்.

இதை எழுதியவருக்கு ஆஷ்பியைப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். எட்டு வருஷம் கழித்து ஆஷ்பியின் 'பீயிங் தேர்' படத்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தவர் இதே ஈபெர்ட். இன்னும் சுவாரஸ்யமானது இது. 1970 டிசம்பரில், அதாவது சரியாக ஒரு வருஷம் முன்னால், இதே பாராமவுண்ட் 'லவ் ஸ்டோரி' படத்தை வெளியிட்டது. அதிலும் காதலி கடைசியில் செத்துப்போகிறாள். நாடே அழுதது, ஸ்டுடியோவுக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்தப் படத்துக்கு ஈபெர்ட் கொடுத்தது நாலு நட்சத்திரம்.

ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சண்டை எதைப் பற்றி என்று கொஞ்சம் புரிகிறது. லவ் ஸ்டோரி நம்மிடம் எப்போது அழ வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. இசை வரும், முகம் நெருக்கத்தில் வரும், நாம் கைக்குட்டையை எடுக்கலாம். ஆஷ்பி அந்த வேலையைச் செய்ய மறுக்கிறார். கேமரா தூரத்திலேயே நிற்கிறது. ஹெரால்டின் முகம் பாதிப் படம் வரைக்கும் பிளாஸ்திரி போட்ட சுவர். கோரமானது எதுவோ நடக்கும், கூட இருப்பவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று யாரும் சைகை காட்டுவதில்லை. இதை ஈபெர்ட் உயிரில்லாத தன்மை என்று எடுத்துக்கொண்டார். அவர் பார்த்தது தப்பில்லை, அது அங்கே இருக்கத்தான் செய்கிறது. அது குறையா குணமா என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொருவர் நியூயார்க் டைம்ஸின் வின்சென்ட் கான்பி. படம் வந்த மறுநாளே எழுதினார். ரெண்டு நடிகர்களும் பார்ப்பவரைச் சங்கடப்படுத்துகிறார்கள், அந்த வகையில் ஒருவருக்கொருவர் சரியான பொருத்தம்தான், ஆனால் படமே அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்றார். ஏனென்றால் கடைசியில் ஒரு திருப்பம் வைத்து, அதுவரை வாழ்க்கையைக் கொண்டாடுவதாகப் பேசிய பேச்சையெல்லாம் படம் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்த ரெண்டாவது குற்றச்சாட்டு லேசுப்பட்டதல்ல. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

திட்டு மட்டும்தான் விழுந்தது என்பதும் சரியில்லை. அந்த வருஷத்துக் கோல்டன் குளோப் பரிந்துரையில் நகைச்சுவைப் பிரிவில் சிறந்த நடிகைக்கு ரூத் கார்டன், சிறந்த நடிகருக்கு பட் கார்ட், ரெண்டு பேருமே இருந்தார்கள். ஆனால் பரிந்துரை டிக்கெட் விற்காது. 20 வயதுப் பையனும் 80 வயதுக் கிழவியும் என்று போஸ்டரில் எப்படிப் போடுவது? ஸ்டுடியோவுக்கே தெரியவில்லை. படத்துக்குள்ளேயும் அந்தச் சங்கடம் இருந்தது. ரெண்டு பேருக்கும் நெருக்கமான காட்சி ஒன்று வேண்டும் என்று ஆஷ்பி விரும்பினார், பாராமவுண்ட் விடவில்லை. மறுநாள் காலையில் பாட்டி தூங்க, பக்கத்தில் பையன் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருப்பதுதான் மிஞ்சியது. அதே படத்தில் பாதிரியாரும், மனநல மருத்துவரும், ராணுவ மாமாவும் இந்தக் கல்யாணத்தை எதிர்த்து ஆளுக்கு ஒரு பிரசங்கம் செய்கிறார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் சுவரில் ஒரு படம்: போப்பாண்டவர், ஃப்ராய்டு, நிக்சன். நாலாவதாக ஸ்டுடியோ முதலாளி படத்தையும் மாட்டியிருக்கலாம்.

படம் ஊத்திக்கொண்டது. 1972 மார்ச்சில் பாராமவுண்டுக்கு 'காட்ஃபாதர்' வந்துவிட்டது, அதற்கப்புறம் இதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

தியேட்டர்காரர்கள் வைத்திருந்தார்கள். இதைத்தான் பலரும் 'மக்கள் கண்டெடுத்தார்கள்' என்று ஒற்றை வரியில் தாண்டிவிடுகிறார்கள். வீடியோ கேசட் வராத காலம். பெரிய நகரத்தில் விழுந்த படத்துக்கு உயிர் வர வேண்டுமென்றால் எங்கேயாவது ஒரு சின்ன தியேட்டர்காரர் பெட்டியை வாங்கி, ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரிகளை ஒட்டிய தியேட்டர்கள் சில அப்படிச் செய்தன. உச்சம் தொட்டது மினியாபொலிஸ் பக்கத்தில் எடினா என்ற ஊரில் இருந்த வெஸ்ட்கேட் தியேட்டர். 1972இல் போட்டார்கள். 1974இல்தான் எடுத்தார்கள். 115 வாரம், 1,957 காட்சிகள்.

25 வாரம் ஓடினாலே வெள்ளிவிழா கொண்டாடுகிற நமக்கு 115 வாரம் என்றால் தலை சுற்றும். கணக்குப் போட்டால் ரெண்டு வருஷமும் பதினோரு வாரமும், சராசரியாக ஒரு நாளைக்கு ரெண்டு காட்சிக்கு மேல். ஒரு கட்டத்தில் அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் அட்டை பிடித்து மறியலே செய்தார்கள். ஆபாசம், கலாச்சாரச் சீரழிவு என்றெல்லாம் இல்லை. ஐயா, தயவுசெய்து வேறு படம் போடுங்கள் என்று! ரூத் கார்டனும் பட் கார்ட்டும் அந்த ஊருக்கு வந்து ரசிகர்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படியும் ஸ்டுடியோ கணக்குப்படி படம் லாபம் காட்டியது 1983இல்தான்.

எடினா போன்ற சின்ன ஊரில் 1,957 காட்சிகளுக்குப் புதுப் புது ஆட்கள் எங்கிருந்து வந்திருக்க முடியும்? வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். நான் தேடிய மூன்றாவது விஷயத்தின் நுனி இங்கேதான் எனக்குக் கிடைத்தது.

அதற்கு முன்னால் இன்னொரு சோதனை. ஹிக்கின்ஸ் தன் கதையைத் தானே மேடை நாடகமாகவும் எழுதினார். 1973இல் பாரிஸில் ழான்-லூயி பரோ அதை மேடையேற்றினார். பிரெஞ்சில் ஆக்கியவர் புனுவெல் படங்களுக்கு எழுதிய ழான்-குளோத் காரியேர். மாட் பாட்டியாக மேடலின் ரெனோ, பிரெஞ்சு நாடகத்தின் பெரிய பெயர்களில் ஒன்று. பிரமாதமான வெற்றி. 1980இல் அது நியூயார்க்கின் பிராட்வேக்கு வந்தது. நடித்தவர் ஜேனட் கேனர், சிறந்த நடிகைக்கான முதல் ஆஸ்கரை வாங்கியவர். 4 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். இத்தனைக்கும் படம் அமெரிக்காவில் கல்ட் ஆகிவிட்ட பிறகு! ஆக, காலம் போகப்போக எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்கிற நேர்கோட்டுக் கதை இங்கேயும் உடைகிறது.

படத்தைத் திரும்பப் பார்த்தவர்கள் எதைப் பார்த்தார்கள்?

படத்தின் நடுவில் ஒரு காட்சி. பாட்டியும் பையனும் மாலை வெளிச்சத்தில் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டி ட்ரைஃபஸ் பற்றிப் பேசுகிறாள். செய்யாத குற்றத்துக்காக டெவில்ஸ் தீவில் அடைபட்ட பிரெஞ்சு யூத ராணுவ அதிகாரி. அந்தத் தீவில் அற்புதமான பறவைகளைப் பார்த்ததாக அவர் எழுதினார், பிற்பாடு அவை வெறும் கடற்காகங்கள் என்று அவருக்குத் தெரியவந்தது, எனக்கு மட்டும் அவை எப்போதும் அற்புதப் பறவைகள்தான் என்கிறாள். ஹெரால்ட் அவள் கையைப் பிடித்துத் திருப்புகிறான். முன்கையில் பச்சை குத்திய எண். ஒரு நொடி. வெட்டு. படத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

நாஜி வதைமுகாமிலிருந்து தப்பியவள். கொட்டாவி விட்டால் தவறிப்போகும். ஆனால் அந்த ஒரு நொடியைப் பார்த்தவர் இரண்டாம் முறை தியேட்டருக்குப் போனால், படம் முழுக்க வேறு படம். வியன்னாவில் இருந்த காலத்தையும் கணவரையும் பற்றிப் பேசிவிட்டு, அதெல்லாம் முன்பு என்று பாட்டி ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்வாள். முதல் தடவை அது கிழவிகளின் வழக்கமான பழங்கதை. ரெண்டாம் தடவை அந்த 'முன்பு' கனக்கிறது. கார் திருட்டு, போலீஸை ஏய்ப்பது எல்லாம் முதல் தடவை லூஸுக் கிழவியின் சேட்டை. ரெண்டாம் தடவை, சட்டமும் சீருடையும் என்ன செய்யும் என்று நேரில் பார்த்த ஒருத்தியின் நடத்தை. அவளைத் துரத்தும் மோட்டார் சைக்கிள் போலீஸ்காரராக நடித்தவர் டாம் ஸ்கெரிட். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது, 'எம். போர்மன்' என்று இருக்கும். ஹிட்லரின் செயலர் மார்ட்டின் போர்மனை நினைக்காமல் அதைப் படிப்பது கஷ்டம்.

இன்னொரு இடம். ஹெரால்ட் வெள்ளைப் பூக்களைக் காட்டி, நான் இதில் ஒன்றாக இருக்க விரும்புகிறேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்கிறான். இல்லை, ஒன்று மாதிரி ஒன்று இல்லை, உற்றுப் பார் என்கிறாள் பாட்டி. தனித்தனியான மனிதர்கள் தங்களை மந்தையாக நடத்த விட்டுவிடுவதில்தான் உலகத்தின் பாதித் துக்கம் இருக்கிறது என்கிற மாதிரி பேசுகிறாள். உடனே கேமரா பின்வாங்குகிறது. ஒரே அளவான வெள்ளை நடுகற்கள் வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டும் வரை. ராணுவக் கல்லறைத் தோட்டம். 1971, வியட்நாம் போர் முடியாத நேரம், பார்க்க வந்த கல்லூரிப் பையன்களுக்கு ராணுவ ஆள்சேர்ப்பு தலைக்கு மேல் தொங்குகிற நேரம். பூவிலிருந்து நேராகக் கல்லறைக்குப் போகிறது படம். கையில் எண் குத்தப்பட்டவள் இதைச் சொல்கிறாள் என்று தெரிந்தபின் கேட்டால் அந்தப் பேச்சில் இருக்கும் லேசான உபதேச நெடிகூடப் போய்விடுகிறது. (தெரியாமல் கேட்டால் நெடி உண்டு. ஈபெர்ட் பக்கம் நியாயம் இருக்கு.)

இப்படிப் பார்த்தால் விடை சுலபமாகத் தெரிகிறது. விமர்சகர் ஒரு தடவை பார்த்துவிட்டு ராத்திரியே எழுத வேண்டியவர், ரசிகர் பத்துத் தடவை பார்த்தவர், அதனால் ரசிகர் சொல்வதே சரி. நானும் கொஞ்ச நாள் அதோடு திருப்தியாக இருந்திருப்பேன், அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் இல்லாவிட்டால்.

அந்தப் பத்து நிமிஷம் முழுக்க எடிட்டர் ஆஷ்பியின் ராஜ்ஜியம். பிறந்த நாள் ராத்திரி, மாத்திரை சாப்பிட்டுவிட்டேன் என்று பாட்டி சொல்கிறாள். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் பேச்சுக் குரல் கேட்பதில்லை, கேட் ஸ்டீவன்ஸின் பாட்டு மட்டும். ஆஸ்பத்திரி நடைபாதையில் காத்திருக்கும் ஹெரால்டும், மழையில் காரை வெறித்தனமாக ஓட்டும் ஹெரால்டும் மாறி மாறி வருகிறார்கள். அது அம்மா வாங்கிக்கொடுத்த ஜாகுவார், அவனே பிண ஊர்தி மாதிரி மாற்றிக்கொண்டது. கார் மலைமுகட்டிலிருந்து பாய்ந்து கீழே நொறுங்குகிறது. அப்புறம் கேமரா மெதுவாக மேலே ஏறினால், முகட்டில் ஹெரால்ட் நிற்கிறான், பாட்டி கொடுத்த பாஞ்சோவோடு.

கவனித்தீர்களா, படம் முழுக்க அவன் போட்ட பொய்த் தற்கொலைகளைப் பார்த்து நாம் சிரித்தோம். ஒன்றைக்கூட நம்பவில்லை, அவன் அம்மா மாதிரியே. கடைசியாகப் போட்டதை நம்பிவிட்டோம். சில நொடிகள் அவன் நிஜமாகவே செத்துவிட்டான் என்று நமக்கு வயிறு கலங்குகிறது. இந்த வித்தை ஒரே ஒரு தடவைதான் பலிக்கும். ரெண்டாம் தடவை பார்ப்பவருக்குக் கார் காலி என்று தெரியும், நிம்மதியாகப் பாட்டைக் கேட்கலாம்.

அப்படியானால் கான்பி பார்த்த படத்தை எடினா ரசிகர்கள் எவராலும் மறுபடி பார்க்க முடியாது. பாட்டியின் கையில் இருக்கும் எண் பெரும்பாலும் திரும்ப வந்தவர்களுக்காக வைத்தது. கடைசிக் கார் முதல் தடவை வந்தவர்களுக்காக வைத்தது. ஒரே படச்சுருளுக்குள் ரெண்டு பேருக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறார் ஆஷ்பி. ஏமாற்றப்பட்டேன் என்று கான்பி சொன்னால் அது நிஜமான அனுபவம், அதைப் பத்துத் தடவை பார்த்தவர் மறுக்க முடியாது.

சரி, அவர் கேட்ட கேள்வி? வாழ்ந்து பார் என்று படம் முழுக்கச் சொன்னவள் எப்படித் தன்னை முடித்துக்கொள்ளலாம்? ரசிகர்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், சாவும் வாழ்வின் ஒரு பகுதி என்பது. எனக்கு அது சப்பென்று இருக்கு. நாட்காட்டியில் தாளைக் கிழிப்பதுபோல அவள் செத்தாலும், ஆம்புலன்ஸில் பையன் கதறுகிற கதறல் அந்தத் தத்துவத்தில் அடங்குவதில்லை. படமும் அதை அடக்கப் பார்ப்பதில்லை. உன்னை நேசிக்கிறேன் என்று அவன் அழும்போது, நல்லது, போய் இன்னும் நிறைய நேசி என்கிற மாதிரி அவள் சொல்லும் பதில் இரக்கமில்லாத பதில் என்றே எனக்குப் படுகிறது.

நான் வந்து நிற்கிற இடம் இது. ஒரு காலத்தில் அவள் எந்த நாள் சாக வேண்டும் என்பதை வேறு யாரோ ஒரு பட்டியலில் எண் போட்டு முடிவு செய்து வைத்திருந்தார்கள். அவள் தப்பித்தாள். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு வருஷமும் அவள் கணக்கில் தனக்குச் சொந்தமானது, கடைசித் தேதி உட்பட. அவள் பக்கத்திலிருந்து அந்தச் சாவு பொருந்துகிறது, கான்பி சொல்கிற மாதிரி காட்டிக்கொடுப்பது இல்லை. ஆனால் ஹெரால்டின் பக்கத்திலிருந்து பொருந்தவில்லை. சாவை விளையாட்டாக வைத்திருந்த பையனுக்கு முதன்முதலாகக் கிடைத்த நிஜ உறவு, தானே தேதி குறித்துக்கொண்டு அவனை விட்டுப் போகிறது. அவன் பாஞ்சோ வாசித்துக்கொண்டே போகிறான் என்பதால் அவன் பிழைத்துவிட்டான் என்று நம்ப நான் தயார், ஆனால் படம் அதற்கு அந்தச் சில நொடிகளுக்கு மேல் சாட்சி தரவில்லை. கான்பியின் கேள்வியில் பாதி இன்னும் பதில் இல்லாமல்தான் இருக்கு.

ஹிக்கின்ஸுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். பாட்டி போன பிறகு ஹெரால்ட் எப்படி வாழ்ந்தான் என்று ஒரு தொடர்ச்சிப் படம் எடுக்கும் யோசனை 1970களின் கடைசியில் அவருக்கு இருந்தது. நடக்கவில்லை. ரூத் கார்டன் 1985இல் காலமானார். ஹிக்கின்ஸ் 1988 ஆகஸ்டில் எய்ட்ஸில் இறந்தார், வயது 47. அதே வருஷம் டிசம்பரில் ஆஷ்பியும் போய்விட்டார். கணக்குப்படி பார்த்தால் ஹெரால்டுக்கு 2031 வாக்கில் 80 ஆகும்.